ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பைக் என்ன சொல்லும்?

புது பைக் வாங்கும் முன் வீட்டில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். மைலேஜ் எவ்வளவு? விலை எவ்வளவு? எந்த கலர் எடுப்பாக இருக்கும்? போனைத் திறந்தால் இதற்கெல்லாம் பதில் சொல்ல நூறு வீடியோக்கள் வரிசையில் நிற்கின்றன. ஷோரூமில் பார்த்தவர் பேசுகிறார். ஒரு வாரம் ஓட்டியவர் பேசுகிறார். ஆனால், அதே பைக்கோடு பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவர்? அவர் வீடியோ எதுவும் போடுவதில்லை. காலையில் பழைய பனியன் துணியால் வண்டியைத் துடைத்து, ஒரு உதை உதைத்து, வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்.

உண்மையில், விஷயம் அவரிடம்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் வாங்கிய வண்டியில் மனைவியை அழைத்துவந்து, பிள்ளையை முன்னால் டேங்க் மேல் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய், இப்போது அந்தப் பிள்ளையே 'சாவியைக் கொடுங்கப்பா' என்று கேட்கும் நிலைக்கு வந்திருப்பார். அவர் வைத்திருப்பது எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும், சொல்வதில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கிறது.

பத்து வருஷத்தில் மாறும் கேள்வி

முதல் வருஷத்தில் எல்லா பைக்கும் நல்ல பைக்தான். செயின் புதுசு, டயர் புதுசு, பிரேக் புதுசு. எந்த வண்டி எப்படிப்பட்டது என்பது நான்காவது, ஐந்தாவது வருஷத்தில்தான் தெரிய ஆரம்பிக்கும். அப்போது உரிமையாளரின் பேச்சும் மாறியிருக்கும். மைலேஜ் பற்றிப் பேச மாட்டார். 'ஸ்பேர் பக்கத்திலேயே கிடைக்குது', 'எந்த ஊர்ல நின்னாலும் மெக்கானிக் கை வைப்பார்', 'மழையில நனைஞ்சாலும் ஸ்டார்ட் ஆயிடும்' என்றுதான் சொல்வார்.

100 சி.சி. ஹீரோ ஹோண்டா வண்டிகள் கிராமம் வரை வேரூன்றியதற்கு இதுதான் காரணம். 1985-ல் சி.டி.100 வந்தது. 1994-ல் ஸ்பிளெண்டர் வந்தது. இரண்டிலும் இருந்தது அதே குடும்பத்தைச் சேர்ந்த 97.2 சி.சி. இன்ஜின். பிறகு இரண்டு நிறுவனங்களும் பிரிந்து பெயர் மாறியபோதும் அந்த இன்ஜின் குடும்பம் தொடர்ந்தது. அதனால் சின்ன ஊர் சைக்கிள் கடை ஓரத்தில்கூட அதற்கான கேபிளும் பிரேக் ஷூவும் தொங்கும். 'பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு' என்று சொன்ன அதன் விளம்பரம் நாடெங்கும் பிரபலம். சிக்கல் என்னவென்றால், சிலர் அதை அப்படியே நம்பி இன்ஜின் ஆயிலையும் மறந்துவிட்டார்கள்!

நாலு வண்டி, நாலு குணம்

தமிழ்நாட்டில் நீண்ட நாள் உறவு என்றால் டி.வி.எஸ். 50-ஐ விட்டுவிட்டுப் பேச முடியாது. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த மொபெட் அது. அதன் வாரிசான எக்ஸ்.எல். வண்டிகள் பால் கேன், காய்கறி மூட்டை, தண்ணீர்க் குடம், வாழைத்தார் என்று எதைச் சுமக்கவில்லை? கியர் கிடையாது, கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. வேட்டி கட்டிய தாத்தாவும் ஓட்டுவார், புடவை கட்டிய அத்தையும் ஓட்டுவார். பழைய எக்ஸ்.எல். டூ-ஸ்ட்ரோக் வண்டி என்பதால் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். அந்தக் கணக்கை மறந்தவர்களுக்கு பிஸ்டன் அதை நினைவூட்டும். 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர்-ஸ்ட்ரோக் ஆனதும் அந்தக் கவலை போனது.

யமஹா ஆர்.எக்ஸ்.100 வைத்திருப்பவர் வேறு ரகம். 1985 முதல் 1996 வரை தயாரான வண்டி. ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் இரண்டு முறை மேலேறினால் ஒரு முறைதான் எரிபொருள் எரியும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு முறை மேலேறும்போதும் எரியும். அந்தத் துள்ளலுக்கு அதுதான் காரணம். சுமார் நூறு கிலோ எடை என்பதும் சேர்ந்துகொண்டது. ஆனால் புகை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். ஆயிலுக்குத் தனி டேங்க். அது காலியானது தெரியாமல் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். இன்று இருக்கும் மிக இளைய ஆர்.எக்ஸ்.100-க்கே வயது முப்பதை ஒட்டியிருக்கிறது. அசல் ஸ்பேர் கிடைப்பது அபூர்வம். பழைய வண்டிச் சந்தையில் விலை ஏறிவிட்டதால், வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாத உரிமையாளர்களும் உண்டு.

புல்லட் கதை நம்ம சென்னைக் கதை. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூர் தொழிற்சாலையில் உருவான வண்டி. ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால், ஒருவருக்கு 'புல்லட்' என்பதே அடைமொழியாகிவிடும். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டை ஸ்டார்ட் செய்வதே ஒரு சடங்கு. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸர் லீவரை அழுத்தி, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, பிறகுதான் உதைக்க வேண்டும். தவறினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் பதம் பார்க்கப்படும். ஆயில் கசிவு, நட்டு தளர்வது எல்லாம் உண்டு. அப்படியும் அதை விற்காதவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: அந்த வண்டியின் ஒவ்வொரு சத்தமும் அவர்களுக்கு அர்த்தமாகும்.

இந்த நாலு வகையிலும் ஒரு பொது விஷயம் இருக்கிறது. பிரச்னையே இல்லாத வண்டி என்று எதுவும் இல்லை. தன் வண்டியின் பிரச்னை எது, எப்போது வரும் என்று தெரிந்துவைத்தவர்தான் இருபது வருஷம் ஓட்டுகிறார்.

பின்னால் உட்கார்ந்தவரைக் கேட்டீர்களா?

பைக் அனுபவம் என்றாலே ஓட்டியவரைத்தான் கேட்கிறோம். பின் சீட்டில் அதே பதினைந்து வருஷம் உட்கார்ந்து வந்தவரை யாரும் கேட்பதில்லை. மனைவியோ அம்மாவோ சொல்லும் விமர்சனம் வேறு மாதிரி இருக்கும். சீட் உயரமா, ஏறி உட்காரக் கால் எட்டுகிறதா, பிடிக்கக் கம்பி இருக்கிறதா, ஸ்பீடு பிரேக்கரில் இடுப்பு தாங்குகிறதா என்பதுதான் அவர்கள் கணக்கு.

சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி நடக்கும் விபத்துகள் கொடூரமானவை. அதற்காகத்தான் பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், ஆடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. ஆனால், வாங்கிய மறு மாதமே 'லுக் போகுது' என்று சேலை கார்டைக் கழற்றி வீட்டுப் பரணில் போடுகிறவர்கள் எத்தனை பேர்! சில வருஷம் கழித்து அதே வண்டியில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது அது பரணிலேயேதான் இருக்கும்.

நீண்ட நாள் வைத்திருக்கப் போகிற வண்டி என்றால், வாங்கும் முன் பின் சீட்டுக்காரரையும் ஷோரூமுக்கு அழைத்துப்போய் உட்கார வைத்துப் பார்ப்பது நல்லது. இருபது வருஷப் பயணத்தில் பாதி அவருடையது.

ஆயிலில் மிச்சம் பிடித்தால் இன்ஜினில் போகும்

அதிக தூரம் ஓடிய வண்டிகளின் ரகசியம் என்று தனியாக எதுவும் இல்லை. சின்னச் செலவைத் தள்ளிப்போடாமல் செய்ததுதான்.

இன்ஜின் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 100 சி.சி. பைக்கில் இருப்பது சுமார் ஒரு லிட்டர். காரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனி ஆயில். இன்றைய ஃபோர்-ஸ்ட்ரோக் பைக்கில் பெரும்பாலும் அந்த ஒரே லிட்டர்தான் பிஸ்டனையும் கியரையும் கிளட்ச்சையும் சேர்த்துக் கவனிக்கிறது. அதனால் சீக்கிரம் கெடும். கார் ஆயில் மிச்சமிருக்கிறது என்று எடுத்து பைக்கில் ஊற்றினால், கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம். பைக் ஆயில் டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது இதற்காகத்தான். எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. பாலித்தீன் கவர்கூடப் பிரிக்காமல் பீரோவில் இருக்கிறதே, அந்தப் புத்தகம்தான்!

ஆயிலைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்? பிஸ்டன் ரிங் தேயும். சைலன்சரில் நீலம் கலந்த புகை வரும். ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை என்றால் ஆயிலும் சேர்ந்து எரிகிறது என்று அர்த்தம். பிறகு லேத்துக்குப் போய் சிலிண்டரைக் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட வேண்டும். 'போரிங்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். அதையும் சில தடவைதான் செய்ய முடியும். சில நூறு ரூபாய் ஆயிலில் மிச்சம் பிடித்தது பல ஆயிரமாகத் திரும்பி வரும்.

செயினும் அப்படித்தான். தொய்ந்த செயின் ஸ்பிராக்கெட் பல்லைத் தின்னும். கூர்மையாகத் தேய்ந்த பல் புதுச் செயினைத் தின்னும். அதனால்தான் செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் ஒன்றாக மாற்றச் சொல்கிறார்கள். 'செயின் மட்டும் மாத்துங்க அண்ணே' என்று சொல்லி மிச்சம் பிடிப்பவர், சில மாதத்தில் மறுபடியும் வந்து நிற்பார்.

ஓடும் வண்டியைவிட ஓடாமல் நிற்கும் வண்டிதான் சீக்கிரம் கெடும். வெளிநாட்டு வேலைக்குப் போன மகனின் பைக்கைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் வீடுகள் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். ஆறு மாதத்தில் பேட்டரி இறங்கும். கார்புரேட்டருக்குள் இருந்த பெட்ரோல் வற்றிப் பிசினாகி, ஊசி முனை அளவு துளைகளை அடைக்கும். காற்று இறங்கிய டயர் ஒரே இடத்தில் அழுந்தி வெடிப்பு விடும். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்துவதே வண்டிக்குச் செய்யும் மரியாதை.

வெள்ளம் வந்தால் இன்னொரு எச்சரிக்கை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் ஆசையாக உதைத்துப் பார்ப்பதுதான் பெரிய தவறு. காற்றை அழுத்த முடியும். தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போவதுதான் சரி.

மெக்கானிக் என்னும் குடும்ப டாக்டர்

இருபது வருஷ வண்டி வைத்திருப்பவருக்கு, அநேகமாக இருபது வருஷ மெக்கானிக்கும் இருப்பார். வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டு, 'டேப்பட் லூஸா இருக்கு சார்' என்று சொல்லிவிடுவார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்ததும் நோயைக் கண்டுபிடிப்பார். செங்கல் நிறத்தில் இருந்தால் இன்ஜின் ஆரோக்கியம். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடாகிறது. ஆயில் நனைந்து ஈரமாக இருந்தால் ரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

நல்ல மெக்கானிக்கின் அடையாளம், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்து, 'இதோ பாருங்க, இதனாலதான்' என்று காட்டுவது. அடிக்கடி கடையை மாற்றினால் வண்டியின் சரித்திரம் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இதற்கு ஒரு எளிய வழி, ஒரு சின்ன நோட்டு. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, ஆன செலவு. நாலு கட்டம் போதும். பத்து வருஷம் எழுதியவருக்கு அடுத்து எது தேயும் என்பது முன்கூட்டியே தெரியும். விற்கப் போகும்போது அந்த நோட்டு வண்டியின் மதிப்பைக் கூட்டும்.

சென்னைக்காரர்களுக்கு ஸ்பேர் என்றால் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும்தான் நினைவுக்கு வரும். அங்கே கிடைக்காதது இல்லை என்பார்கள். ஆனாலும் பிரேக் ஷூ, பிரேக் கேபிள், வீல் பேரிங் போன்றவற்றில் டூப்ளிகேட்டுக்கு இடம் கொடுக்காதீர்கள். சைடு மிரர் டூப்ளிகேட்டாக இருந்தால் கண்ணாடிதான் ஆடும். பிரேக் டூப்ளிகேட்டாக இருந்தால் குடும்பமே ஆடிப்போகும்.

பெட்ரோலும் மாறிவிட்டது

பழைய வண்டிக்காரர்களின் புதுக் கவலை இ20 பெட்ரோல். நூறு பங்கில் இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் இது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. பெட்ரோலைவிட எரிசக்தியும் குறைவு. பழைய வண்டிகளுக்கு இ20 போட்டால் என்ன ஆகும் என்று 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கை கணக்கிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து, பத்து சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட இரு சக்கர வாகனங்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் வரை குறையலாம் என்றது.

பதறி வண்டியை விற்க வேண்டிய அவசியம் இல்லை. கார்புரேட்டர் ரப்பர் பாகங்கள், பெட்ரோல் டியூப் இரண்டையும் சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள். விறைத்தோ உப்பியோ இருந்தால் மாற்றிவிடுங்கள். பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் தேங்க விடாதீர்கள். டேங்க் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மழைநீர் உள்ளே போகும், அதையும் கவனியுங்கள்.

வண்டிக்கு உயிர் இருக்கு, பேப்பருக்கு?

நீண்ட நாள் வைத்திருப்பவர்கள் கோட்டை விடும் இடம் இன்ஜின் இல்லை, பேப்பர்.

சொந்த உபயோக பைக்கின் ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். காலக்கெடு முடிவதற்கு 60 நாட்களுக்குள் படிவம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். மத்திய அரசின் விதிப்படி பைக்குக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 1,000 ரூபாய். 2025 ஆகஸ்ட்டில் வந்த திருத்தத்தில் 20 வருஷத்தைத் தாண்டிய பைக்குக்கு 2,000 ரூபாய் ஆனது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. டெல்லியைப் போல 15 வருஷமானதும் பெட்ரோல் வண்டியைச் சாலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. வண்டி தகுதியாக இருந்தால் ஓட்டலாம்.

அடுத்து இன்ஷூரன்ஸ். 2018 செப்டம்பர் முதல் புது பைக் வாங்கும்போதே ஐந்து வருஷத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்து வருகிறது. வசதிதான். ஆனால், ஆறாவது வருஷம் அது காலாவதியானது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரையிலான பைக்குக்கு இது வருஷத்துக்கு 714 ரூபாய், வரி தனி. இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். அபராதம்கூடப் பெரிதில்லை. யாராவது அடிபட்டு, அதற்கு வண்டிதான் காரணம் என்றானால், நீதிமன்றம் சொல்லும் லட்சக்கணக்கான இழப்பீட்டை உரிமையாளர் தன் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும். வண்டியின் விலையைவிடப் பல மடங்கு!

விற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'தெரிஞ்ச பையன்தானே, அப்புறம் பேர் மாத்திக்குவான்' என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வண்டி நாலு கை மாறிய பிறகு விபத்து நடந்தாலும், பெயர் மாறாவிட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு பழைய உரிமையாளர் மேல்தான் விழும். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டதோடு நிற்காமல், பெயர் மாறியதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்பா இறந்தபின் அவர் நினைவாக வைத்திருக்கும் வண்டிக்கும் விதி உண்டு. இறந்த 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டால், வாரிசு மூன்று மாதம் வரை அந்த வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். துக்க வீட்டில் இதெல்லாம் யாருக்கும் தோன்றாது. அதனால்தான் உறவினர் யாராவது ஒருவர் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

மகனுக்குக் கொடுக்கலாமா?

பல வீடுகளில் இப்போது நடக்கும் பேச்சு இது. 'கண்ணு மாதிரி வெச்சிருந்த வண்டி. காலேஜ் போறான், இதையே ஓட்டட்டும்' என்பார் அப்பா. நல்ல எண்ணம்தான். கொடுப்பதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் வயது. கியர் வண்டிக்கு 18 வயதும் லைசென்ஸும் வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும் பையன் ஓட்டி ஏதாவது நடந்தால், 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து.

இரண்டாவது பிரேக். 2019 ஏப்ரல் முதல், புதிதாக வரும் 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளில் ஏ.பி.எஸ்., அதற்குக் கீழே உள்ளவற்றில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் சி.பி.எஸ். கட்டாயம். அப்பாவின் 2008-ம் வருஷ வண்டியில் இதெல்லாம் இருக்காது. அந்த வண்டி எங்கே வழுக்கும், எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது அப்பாவின் கைக்கும் காலுக்கும் பழக்கம். மகனுக்கு அது புதுசு. 'முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுவே' என்று பயமுறுத்தி வளர்ப்பதும் தவறு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும். அதனால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். இரண்டையும் சேர்த்து, பதமாகப் பிடிக்கக் காலி மைதானத்தில் சொல்லிக்கொடுங்கள்.

பழைய புல்லட் என்றால் இன்னும் கவனம். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற பைக்கில் பழகிய பையன் அவசரத்தில் பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்தினால், அது கியரில் போய் விழும். பல மாதம் பழகாமல் அவனை மெயின் ரோட்டுக்கு அனுப்பாதீர்கள்.

சரி, எப்போது வண்டியை விடுவது? அதற்கும் அந்த நோட்டுதான் பதில் சொல்லும். வருஷத்துக்கு ஒருமுறை இன்ஜினைப் பிரிக்கிறீர்கள், சேஸில் துரு ஏறி வெல்டிங் வைத்தாகிவிட்டது, பிரேக்குக்கு அசல் பாகம் கிடைக்கவில்லை. இந்த மூன்றில் இரண்டு சேர்ந்துவிட்டால், பாசத்துக்காக ஓட்டுவது பாதுகாப்பில்லை. துருப்பிடித்த வண்டிக்குப் புது பெயின்ட் அடித்து மகன் கையில் கொடுப்பதைவிட, வீட்டு முற்றத்தில் நினைவுப் பொருளாக நிறுத்துவது மேல். அரசு அங்கீகரித்த அழிப்பு மையத்தில் ஒப்படைத்து அதற்கான சான்றிதழ் வாங்கி வைப்பதும் ஒரு வழிதான்.

அப்படியெல்லாம் இல்லை, வண்டி இன்னும் திடமாக இருக்கிறது என்றால் வயதைப் பார்த்து விற்க வேண்டியதில்லை. நன்றாக ஓடுகிற பழைய வண்டி வீட்டு பட்ஜெட்டுக்கு நல்ல நண்பன். மாதத் தவணை கிடையாது, அது போதாதா?

இந்த வாரம் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, செயின் தொய்ந்திருக்கிறதா என்று விரலால் தூக்கிப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். '2319' என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. பின் பிரேக் டிரம்மில் அம்புக்குறி இருந்தால், பிரேக்கை அழுத்தும்போது அது தேய்மானக் குறியைத் தொடுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, இன்ஷூரன்ஸ் தேதியையும் ஆர்.சி. தேதியையும் போன் காலண்டரில் போட்டுவையுங்கள். அப்படியே பரணில் இருக்கும் சேலை கார்டையும் எடுத்து மாட்டிவிட்டால், வீட்டில் ஒரு கப் காபி கூடுதலாகக் கிடைக்கலாம்!